இரவல் ரத்தம்

மயிலாத்தாவின் காப்பு அன்று காலை அவளைப் பாராட்டவில்லை.

வழக்கமாகத் தோசைக்கல் காய்கிற நேரத்துக்கு அது மணிக்கட்டிலிருந்து பேசும். "காலை வணக்கம், மயிலாத்தாள் அம்மா. உங்கள் இதயம் உங்களைவிட வெகு இளமையாக இருக்கிறது" என்று போன மாதம்கூடச் சொன்னது. அதைக் கேட்ட அவள் வீட்டுக்காரர் ராசப்பன், "இதயம் எளசா இருந்து என்ன பண்றது, வாய் கெழடாயிருச்சே" என்றார். அவர் கிடக்கட்டும். மயிலாத்தாவுக்கு உள்ளூரப் பெருமை. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரிடமாவது அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

அன்றைக்குக் குரல் தணிந்து வந்தது.

"மயிலாத்தாள் அம்மா, உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். பயப்பட வேண்டியதில்லை. உங்கள் சிறுநீரகங்கள் களைக்கத் தொடங்கியிருக்கின்றன. உங்களுக்கு இன்னும் எதுவும் தெரிந்திருக்காது. தெரிவதற்கு முன்பே சொல்வதுதான் என் வேலை. இன்று முதல் உப்பைக் குறையுங்கள். மருந்து வீட்டுக்கு வரும்."

அவள் உட்காரவில்லை. தோசை கருகியது.

முன்காப்புத் திட்டம் வந்தபின் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது பழைய காலத்துப் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காப்பு. மாதம் ஒருமுறை கம்பெனிக் கூண்டுக்குள் கை நீட்டினால் விரலில் ஒரு குத்து. அந்தத் துளி ரத்தம் சொல்வதையெல்லாம் காப்பு அவரவர் பதிவில் சேர்த்துக்கொண்டே போகும். அம்மாவுக்கு என்ன நோய் இருந்தது, சின்ன வயதில் எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்பதும் அதில் உண்டு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, இந்த ஆளுக்கு இது வரப் போகிறது என்று முன்னாலேயே சொல்லி, அந்த ஒருவருக்கென்றே உருட்டிய மாத்திரையை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடும். நல்ல காரியம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. சர்க்கரையால் கால் போனவர்களைத் தெருவில் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

ஒரே ஒரு சங்கடம். பதிவில் ஏதாவது கோளாறு தெரிந்து டாக்டரும் அதை உறுதி செய்துவிட்டால் காப்பு கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடும், இவருக்கு ஓய்வு கொடுங்கள் என்று. ஓய்வு என்பது கேட்க எவ்வளவு இதமான சொல். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அதற்கு வீட்டுக்குப் போ என்று பொருள். திரும்பி வரும்போது மேசையில் வேறொருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

மயிலாத்தா காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் வீங்கித்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவளுக்கு என்றைக்கு வீங்காமல் இருந்தது? இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். வலிக்கிற மாதிரி இருந்தது. அழுத்தினால் யாருக்கும் வலிக்கும் என்று கையை எடுத்தாள். வாய் கசந்தது. அது பயத்தின் கசப்பா, நோயின் கசப்பா என்று தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் பாதி வழி போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது என் ரத்தமே இல்லையே.

ஆம், அவள் ரத்தம் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாதம் அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறிக் காட்டியது. கம்பெனி ஓய்வு கொடுத்தது. கண் மங்கி வேன் ஓட்டுவதை விட்டுவிட்ட கணவரும் அவளுமாக வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. மேசை எப்படியோ திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் குத்துக் கூண்டுக்குள் கை நீட்டியது அபூர்வம். அவள் காப்பைப் போட்டுக்கொண்டு சுகிர்தா போவாள்.

இதெல்லாம் முடிகிற காரியமா என்று கேட்காதீர்கள். காப்பு கழற்ற முடியாதபடி பூட்டியது என்று செய்தவர்கள் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டை விரலை உள்ளே மடக்கினால் அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று வளையல் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கூண்டில் முதலில் விரல் ரேகையும் பார்த்தார்கள். சாயத் துணியையும் சலவைத் துணியையும் வருடக்கணக்காகத் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? மிஷின் எல்லாரையும் திருப்பி அனுப்பியது. வேலை கெடுகிறது என்று கம்பெனியே ரேகை பார்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

சுகிர்தாவுக்குக் காப்பு கிடையாது. அவள் ஊருக்கு மேற்கே இருக்கும் முகாமில் பிறந்தவள். அவளுடைய பாட்டனார் கடல் தாண்டி வந்தவர். இன்னும் முகாமா என்றால், இன்னும் முகாம்தான். முகாம்காரர்களின் பதிவு வேறொரு மேசையில் இருந்தது. அந்த மேசையை இந்த மேசையோடு சேர்க்க யாருக்கும் நேரம் வரவில்லை. கான்ட்ராக்டில் வந்து, சட்டைகளில் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. முப்பது வயது. கரும்பைப் பல்லால் உரிப்பாள், துணி மூட்டையை ஒற்றைக் கையால் இழுப்பாள். அவள் ரத்தத்தில் குறை சொல்ல காப்புக்கு ஒன்றும் கிடைக்காது என்று எல்லாரும் நம்பினார்கள்.

அப்படி அவளை அனுப்பியவர்கள் இரண்டே பேர். மயிலாத்தா ஒருத்தி. செக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே நிற்கும் ரஹிமா இன்னொருத்தி.

அன்றைக்கு ரஹிமா சட்டைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "மயிலக்கா, உங்க காப்பு ஏதாச்சும் சொல்லுச்சா?"

"ஏன் கேக்குற?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"என்னமோ கிட்னியாம்."

ரஹிமாவின் கை நின்றது. "எனக்குந்தான்."

மேஸ்திரி கடந்து போகும்வரை இரண்டு பேரும் ஒரே சட்டையில் இல்லாத ஓட்டையைத் தேடினார்கள்.

"தண்ணியா இருக்குமோ? அந்த ட்ரம்முத் தண்ணி ஒரு நாத்தம் அடிக்குது."

"தண்ணின்னா வரிசை பூராத்துக்கும் வரோணுமல்ல. நமக்கு மட்டும் எப்புடி?"

"நமக்கு மட்டும் என்ன பொதுவா இருக்குதுங்க்கா? நான் கறி திங்கறவ, நீங்க கத்திரிக்கா திங்கறவ."

சொல்லி முடிப்பதற்குள் இருவர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி சுகிர்தா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளா?" என்றாள் ரஹிமா. "கல்லுக் குண்டாட்ட இருக்கறாளே."

"தெரியறதுக்கு முன்னாலயே சொல்றதுதான் அது வேலையாம்."

"இருங்க இருங்க. ரம்ஜான் முடிஞ்சு ரெண்டு மாசம் நானே போயிக் குத்திக்கிட்டேன். நல்லாத்தான இருக்கறமுன்னு. அப்ப இது என்னுதாக்கூட இருக்கலாமில்ல?"

மயிலாத்தாவும் யோசித்தாள். பங்குனியில் அவளே போன மாதிரி ஒரு ஞாபகம். அது போன பங்குனியா, அதற்கு முந்தையதா? காப்பு இதயத்தைப் பாராட்டியது எந்த மாதம்? இத்தனை நாளும் அந்தப் பாராட்டைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே விளங்கியது. அடுத்தவள் குழந்தையை யாரோ அழகென்றால் நாம் பூரித்துப் போவதில்லையா, அப்படி.

"அவகிட்டச் சொல்லீரலாமா?" என்றாள்.

"சொல்லி? அவளுக்குத்தான் பதிவே இல்லியே. எங்க போயி என்னன்னு காட்டுவா? நாமதான் மாட்டிக்குவோம். ஒண்ணு பண்ணலாம். மாத்திரை வருமில்ல, அத அவளுக்குக் குடுத்தரலாம். சத்து மாத்திரைன்னு சொல்லிக்கலாம். நோவு யாருதோ, மருந்து அவிங்களுக்குப் போயிச் சேந்தாச் சரி."

அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மருந்துப் பொட்டலம் வந்ததும் மயிலாத்தா அதைப் பிரித்து மஞ்சள் மாத்திரைகளை மட்டும் ஒரு பழைய குங்குமச் சிமிழில் போட்டுக் கொண்டுபோனாள். சுகிர்தா எதுவும் கேட்கவில்லை. வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே சாய்ந்து விழுந்தாள். மயிலாத்தா முகத்தில் தண்ணீர் தெளித்து, மடியில் தலையை வைத்து விசிறினாள். அந்த மாத்திரை மயிலாத்தாவின் எடைக்கும், மயிலாத்தாவின் வயதுக்கும், மயிலாத்தாவின் அம்மாவுக்கு இருந்த சர்க்கரைக்கும், சுகிர்தாவின் ரத்தத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு உருட்டியது. அப்படி ஒரு பெண் உலகத்தில் எங்கும் இல்லை.

சிமிழை அன்றோடு ஒளித்துவிட்டாள். ஆனால் மருந்து இல்லையென்றால் என்ன ஆகும்? இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் தெரியவில்லை.

*

ஒரே மேசையில் இரண்டு பேருக்கு ஒரே கோளாறு என்றால் சுகாதார நிலையத்தில் மணி அடித்துவிடும்போலும். அடுத்த வாரம் டாக்டர் அருள்விழி கம்பெனிக்கு வந்தார். ட்ரம் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார், சாயம் தோய்த்த துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். பிறகு மயிலாத்தாவையும் ரஹிமாவையும் துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மடியில் ஒளிர்ந்த பதிவுப் பலகையைப் பார்த்தார்.

"மயிலாத்தாள் அம்மா, உங்களுக்கு மாதவிலக்கு நின்னு எத்தன நாளாச்சுங்க?"

"அது ஆச்சுங்க, ரெண்டு வருசத்துக்கு மேல."

"இதுல நிக்கலீங்களே. மாசாமாசம் தேதி தவறாம வருதே."

ரஹிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளைப் பார்த்து, "உங்களுக்கும் அதே தேதிதானுங்க" என்றதும் சிரிப்பு நின்றது.

"ரத்தத்துக்கும் ஒரு ஜாடை உண்டு" என்றார் டாக்டர். "அண்ணன் தம்பிக்கே ஒரே மாதிரி இருக்காது. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சளி புடிச்சு ஒரே நாள்ல விட்டிருக்குது. தண்ணில ஒண்ணும் இல்ல. இது ரெண்டு பேரே இல்ல, ஒரு ஆளு. யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா எழுதோணும். எழுதுனா கம்பெனிக்குப் போகும், போலீசுக்கும் போகும்."

"அப்பறம் என்னங்க பண்றது?" என்றாள் ரஹிமா.

"வெள்ளிக்கிழமை நிலையத்துக்கு வாங்க. என் கண்ணு முன்னால ரெண்டு பேரும் குத்திக்குங்க. மிஷின் பிசகுன்னு போட்டு, பழச அழிச்சிட்டு, புதுசா ஆரம்பிச்சிடறேன். உங்க மேசை உங்களுக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ரஹிமா டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மயிலாத்தா மட்டும் கேட்டாள், "பழசுன்னா?"

"அந்த ரெண்டு வருசமும்."

"அது அழியாமக் கெடக்கோணுமுங்களே. அது ஒரு ஆளல்லங்களா?"

டாக்டர் பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த ஆளு கூண்டுக்கு வராத ஆளுன்னா, அவங்க பேருல புதுசாப் பதிவு ஆரம்பிக்க எனக்கு வழி இல்ல. எப்படியோ ஆரம்பிச்சாலும், ரெண்டு வருசம் பாத்துட்டுத்தான் அது மருந்து குடுக்கும். அந்த ஒரு ஆளுக்குன்னே செய்யற மருந்து பாருங்க, முழுசாத் தெரியாம செய்யாது. அதுக்குள்ள அந்தச் சிறுநீரகம் காத்திருக்காது. இப்ப மருந்து ஏத்துனா நோவு அப்படியே நின்னுபோகும். அந்த ஆளோட ரெண்டு வருசமும் எங்கயாச்சும் சுத்தமா இருக்குதுன்னா, அது உங்க பதிவுலதான். ரஹிமாம்மாவோடது அங்கங்க கலந்துபோச்சு. உங்களுதுல கலப்பே இல்ல, நீங்க கை நீட்டவே இல்லியாட்ட இருக்குது."

"பங்குனில நான் போனனே."

"போகலீங்க" என்றார் டாக்டர்.

மயிலாத்தா துணிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

*

முகாமுக்கு அவள் அதுவரை போனதில்லை. வாசலில் பெயர் சொல்லி உள்ளே போக வேண்டியிருந்தது. கம்பெனியில் திருப்பூர்க்காரி மாதிரியே பேசுகிற சுகிர்தா வீட்டுக்குள் வேறொரு பேச்சில் இருந்தாள். "வாங்கோ அக்கா, உதில இருங்கோ" என்று பாயை விரித்தாள். ஒரு சின்னப் பெண் மூலையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. அவளுடைய மகள்.

மயிலாத்தா வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "சுகிர்தா, அந்த மாத்திரை சத்து மாத்திரை இல்ல, புள்ள" என்றாள் கடைசியில்.

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"என்ர சிறுநீரகம் பழுதாப் போகுது எண்டு தெரியும். என்ர அம்மாவும் அதிலதான் போனவ, நாப்பது தாண்டேல்ல. அம்மம்மாவும் அப்பிடித்தானாம். முகாம் ஆஸ்பத்திரியில கேட்டனான், எனக்கு இப்பவே பாருங்கோ எண்டு. நோய் வருத்தம் வரட்டும் பாப்பம் எண்டினம். வந்த பிறகு பாக்கிற மருந்துதான் எங்களுக்கு இருக்கு."

மயிலாத்தாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அது உனக்கு எப்புடித் தெரிஞ்சுது? நாங்க சொல்லவே இல்லியே?"

"அதாலதான் தெரிஞ்சது." சுகிர்தா தேநீருக்கு அடுப்பை மூட்டினாள். "ஒவ்வொரு மாசமும் நான் உங்களிட்டக் கேக்கிறனான், காப்பு என்ன சொன்னது எண்டு. நீங்களும் சந்தோசமாச் சொல்லுவீங்கள், இதயம் நல்லா இருக்காம், இரும்புச்சத்து போதுமான அளவு இருக்காம் எண்டு. எனக்கு அண்டைக்கு நல்லா நித்திரை வரும். இந்த மாசம் நீங்களும் சொல்லேல்ல, ரஹிமாக்காவும் சொல்லேல்ல. என்ர முகத்தையும் பாக்கேல்ல. அதோட விளங்கிட்டுது."

"அப்ப நீ எங்களுக்காகப் போகலியா?"

"முதல்ல உங்களிட்ட வந்து, நான் போறன் எண்டு கேட்டதே நான்தான் அக்கா. மறந்திட்டீங்களோ?"

மறந்துதான் போயிருந்தது. மயிலாத்தா இத்தனை நாளும், தானே போய் அந்தப் பெண்ணிடம் கெஞ்சியதாகவும் அவள் பாவப்பட்டு ஒத்துக்கொண்டதாகவும் நினைத்திருந்தாள். அதற்காகத்தான் திங்கள் தவறாமல் கம்பெனிக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது அந்தக் குழம்பெல்லாம் எதற்காக என்றே தெரியவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தால் கோபம் வரவில்லை. அழலாம் என்று பார்த்தால் அதுவும் பாதியில் நின்றது.

"அப்ப நாங்க உன்னய ஏமாத்துனமா, நீ எங்கள ஏமாத்துனியா?"

"எனக்கும் தெரியேல்ல" என்றாள் சுகிர்தா. "சீனி எவ்வளவு போட?"

தேநீரைக் குடித்து முடிக்கும்வரை மயிலாத்தா வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள். மகளின் கையில் இருந்த சீப்பை வாங்கி, பொம்மைக்குப் பின்னிக்கொண்டே கேட்டாள். பின்னல் கோணலாகப் போயிற்று.

"போய் உங்கட ரத்தத்தைக் குடுங்கோ அக்கா. உங்களுக்கும் வீடு இருக்கு. நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

ஏதாவது கேட்டிருந்தால் மயிலாத்தாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ராசப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

"என்ன?"

"இத்தன நாளா நான் யாரு இதயத்தோட குடும்பம் நடத்துனேன்?"

"வெளையாடாதீங்க."

"வெளையாடல புள்ள. நிசமாத்தான் கேக்கறேன். உன் ஒடம்பு எப்புடி இருக்குதுன்னு நமக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவள் தன் உடம்பைக் கேட்டதில்லை. காப்பைத்தான் கேட்டாள்.

"அந்த மேசை போச்சுன்னா?" என்றாள்.

"போச்சுன்னா போச்சு. எனக்கென்ன தெரியுது. கண்ணு தெரியறவ நீ, நீயே பாத்துச் சொல்லு." சற்றுப் பொறுத்து, "அந்தப் புள்ளைக்கு ஒரு கொழந்தை இருக்குதுன்னியே" என்றார்.

*

வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்தில் ரஹிமா முதலில் போனாள். விரலைக் குத்தியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதினாள். "ஒரு குறையும் இல்ல, போங்க" என்று டாக்டர் சொன்னதும் வெளியே வந்து மயிலாத்தாவைக் கட்டிக்கொண்டாள். "வாங்கக்கா, ஒரு நிமிசந்தான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். நான் பஸ்ஸுக்கு எடம் போடறேன்."

மயிலாத்தா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டுக் கையைக் கேட்டார். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த ரிப்போர்ட்டு என்னுதுங்க" என்றாள்.

"என்னுங்க சொல்றீங்க?"

"கிட்னி கெட்டது எனக்குத்தான். பிசகெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் மருந்து ஏத்திக்க வாறேன்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் தெளிவாச் சொல்லீடறேன்" என்றார் பிறகு. "மேசை இன்னிக்கே போயிரும். அது சின்ன விசயம். ஒரு பேருக்கு ஒரு பதிவுதான். அது இனி உங்களுது இல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு வந்தா உங்களுக்குன்னு சொல்ல எதுவும் இருக்காது. காப்பு உங்களைத் தெரியாதுன்னும். வந்தபின்னால பாக்கற மருந்துகூட அந்தப் பேருல கேட்டா முட்டி நிக்கும், ரத்தம் ஒத்துப் போகாது. தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"நெசமாவா?"

"இல்லீங்க. பாதி தெரியுது."

"மீதிப் பாதிக்கு யோசிச்சிட்டு வாங்களேன்."

"யோசிச்சா வர மாட்டனுங்க" என்றாள் மயிலாத்தா.

டாக்டர் பலகையை எடுத்து ஏதோ எழுதினார். மயிலாத்தாவின் அம்மாவுக்கு இருந்த சர்க்கரையை ஒரு கோட்டால் அடித்தார். வயதையும் எடையையும் திருத்தினார். "பழைய எழுத்துப் பிழை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

*

மருந்து ஏற்ற ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்து நடந்தது இது.

அதற்குள் செக்கிங் மேசையில் மயிலாத்தாவின் இடத்தில் வேறொருத்தி வந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே தரையில் மயிலாத்தா உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். கான்ட்ராக்டுக்குக் காப்பு கேட்பதில்லை. பெயரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ரஹிமா முதல் நாள் அவளோடு பேசவே இல்லை. இரண்டாம் நாள் வந்து, "உங்களுக்குப் பைத்தியந்தான் புடிச்சிருக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

சுகிர்தா தேறி வந்தாள். அவளுக்கு மருந்து ஏறும் நாட்களில் துணைக்குப் போவதாகச் சொல்லி மயிலாத்தா அரை நாள் லீவு போடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தாள். கூடத்தில் கூட்டம். சுகிர்தா மகளுக்கு வாசலில் விற்ற பலூனை வாங்கப் போனாள். அப்போது டாக்டர் மயிலாத்தாவைப் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டார்.

"கையை நீட்டுங்க. இது எதுலயும் ஏறாது. எனக்கு மனசு கேக்கல, அவ்வளவுதான்."

இந்த முறை அவள் நீட்டினாள். ரஹிமா சொன்னது போல எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. தன் ரத்தம் என்ன நிறம் என்று இப்போதுதான் பார்ப்பவள் போல அந்தத் துளியைப் பார்த்தாள். சிவப்புத்தான்.

டாக்டர் சின்ன மிஷினைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

"என்னுங்க, ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றார் டாக்டர். "பயப்படற அளவுக்கு இல்ல. ஆனா இப்பவே புடிச்சாத்தான் நிறுத்த முடியும்."

"புடிச்சிருங்களேன்."

டாக்டர் பலகையைத் திறந்தார். அது முதல் கட்டத்திலேயே பெயரைக் கேட்டு நின்றது. அவர் விரலை அதன்மேல் வைத்தபடி நிமிர்ந்தார்.

"இத யார் பேருல எழுதறதுங்க?"

மயிலாத்தா வாயைத் திறந்தாள். எது வரும் என்று அவளுக்கே தெரியாமல் திறந்தாள். கூடத்தில் நர்ஸ் கூப்பிடும் குரல் கேட்டது.

"மயிலாத்தாள். மயிலாத்தாள் யாருங்க?"

அவள் பாதி எழுந்துவிட்டாள். வெளியே பலூன் ஒன்று சுவரில் உரசிக் கீச்சிட்டது. "ஓம், நான்தான். இந்தா வாறன்" என்று ஒரு குரல் பதில் சொல்லி, கால்கள் மருந்து அறைப் பக்கம் விரைந்து போயின.

மயிலாத்தா பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.